கடை விலையில் விற்பனை வரி

கடையில் ஒரு பொருளின் மேல் எழுதியிருக்கும் விலையும், வாங்குபவர் கல்லாவில் கொடுக்கும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற நாடுகளின் விதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் விலைச்சீட்டில் இருப்பது வரி நீங்கலான விலை; வரி கல்லாவில்தான் கூட்டப்படும். முதல் முறை 'வரி உட்பட்ட விலை' எனவும், இரண்டாவது 'வரி தனி' எனவும் வழங்கப்படும். இந்தியாவில் இந்த இரண்டு முறைகளும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே கடையில் அருகருகே நடக்கின்றன.

திருநெல்வேலி மாவட்டத்தில், தாமிரபரணியோடு சிற்றாறு கூடும் இடத்திலுள்ள சீவலப்பேரியை எடுத்துக்கொள்ளலாம். (முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூர்தான்.) இது போன்ற ஊரின் பலசரக்குக் கடையில் சோப்பு உறையின் மேல் 'அதிகபட்ச சில்லறை விலை, அனைத்து வரிகளும் உட்பட' என்று அச்சிட்டிருக்கும். அதே கடையில் நிறுத்துக் கொடுக்கும் கருப்பட்டிக்கு வரியே இல்லை. அங்கிருந்து பேருந்து ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஓர் உணவகத்தில் சாப்பிட்டால், விலைப்பட்டியலில் இருந்த தொகைக்குக் கீழே மத்திய வரி 2.5 விழுக்காடு, மாநில வரி 2.5 விழுக்காடு என்று இரண்டு வரிகள் கூடுதலாக பில்லில் ஏறியிருக்கும். மின்பொருள் கடையிலோ "பில் வேண்டுமா?" என்ற கேள்வி இன்றும் கேட்கிறது. பில் வேண்டும் என்றால் ஒரு விலை, வேண்டாம் என்றால் வேறொரு விலை என்பது அக்கேள்வியின் பொருள்.

இந்தக் கலப்பு தற்செயலாக வந்ததன்று. விற்பனை வரி விலையின் ஒரு பகுதியா, விலைக்கு வெளியே நிற்கும் தனித்தொகையா என்ற கேள்வி சென்னை மாகாணத்தில் 1939 முதலே இருந்து வருகிறது. சட்டமன்றமும் நீதிமன்றமும் வணிகர்களும் அதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை சொன்னார்கள்.

சுங்கமும் முத்திரையும்

வணிகத்தின் மீது வரி விதிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்கம் கொண்டு, அவற்றின் மேல் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதலாம் குலோத்துங்கன் (1070–1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் பெற்றான். ஆனால் இவை சரக்கு வழியில் செல்லும்போது அல்லது துறையில் இறங்கும்போது கொண்டவை. கடையில் நடக்கும் விற்பனையின் மீது விதித்த வரி அல்ல. சரக்கின் மேல் அரசு முத்திரை இருந்தால் வரி கட்டியாயிற்று என்று பொருள். எவ்வளவு கட்டப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

இந்த முத்திரை முறை நெல்லைச் சீமைக்கு அருகில் மிக அண்மைக்காலம் வரை ஒரு வடிவில் நீடித்தது. 1934-ஆம் ஆண்டின் தீப்பெட்டிக் கலால் சட்டத்துக்குப் பிறகு, கோவில்பட்டி, சிவகாசி ஆலைகளிலிருந்து வெளியேறும் தீப்பெட்டிகளில் கலால் கட்டியதைக் காட்டும் காகிதப் பட்டை ஒட்டப்பட்டது. 'பேண்டரோல்' என்று தொழிலாளர்கள் அதைச் சொல்வார்கள். வரி கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் விலைக்குள் அடங்கியே இருந்தது.

1939: விற்பனை வரியின் பிறப்பு

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் பொருள்களின் விற்பனை மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு அளித்தது. மத்திய மாகாணம் 1938-இல் பெட்ரோல் போன்ற ஓரிரு பொருள்களுக்கு மட்டும் இவ்வரியை விதித்தது. பொதுவாக எல்லாப் பொருள்களுக்குமான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம்.

அப்போது முதலமைச்சராகவும் நிதிப் பொறுப்பிலும் இருந்தவர் சி. இராசகோபாலாச்சாரி. அவருடைய அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கள், சாராயக் கடைகளிலிருந்து வந்த கலால் வருவாய் மாகாணத்தின் பெரிய வருவாய்களில் ஒன்று. அந்த இழப்பை ஈடுகட்ட 1939-இல் மூன்று வரிகள் வந்தன: மோட்டார் எரிபொருள் விற்பனை வரி, கேளிக்கை வரி, பொது விற்பனை வரி. சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் 1939 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாத இறுதியில், உலகப் போரில் இந்தியாவைக் கேளாமல் சேர்த்ததை எதிர்த்துக் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. அமைச்சரவை போனது, வரி நின்றது.

சட்டத்தின் அமைப்பு எளியது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் குறைந்த வணிகருக்கு வரி இல்லை. 20,000 ரூபாய் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் விற்றுமுதலில் அரை விழுக்காடு. பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் வரி உண்டு என்பதால் இது 'பலமுனை வரி' எனப்பட்டது. ஒரு பித்தளைக் குடம் பட்டறை முதலாளியிடமிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து சில்லறைக் கடைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் போனால் மூன்று முறை அரை விழுக்காடு. கடைசியில் குடத்தை வாங்கும் குடும்பம் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு வரி கொடுத்திருக்கும். அதில் ஒரு பகுதி, முன்பு கட்டிய வரியின் மேல் விழுந்த வரி. வாங்கியவருக்கு இதில் எதுவும் தெரியாது.

சட்டத்தின் கண்ணில் வரி கட்டுபவர் வணிகர்தான். வாங்குபவரிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றோ, விலையில் எழுதிக் காட்ட வேண்டும் என்றோ தொடக்கச் சட்டம் சொல்லவில்லை.

தம்பிடிக்கும் குறைந்த தொகை

காட்டியிருக்கவும் முடியாது. அன்றைய நாணயக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. அரை விழுக்காடு என்றால் ஒரு ரூபாய்ப் பொருளுக்கு 0.96 தம்பிடி. இரண்டு அணா சோப்புக்கு 0.12 தம்பிடி, அதாவது ஒரு தம்பிடியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. தம்பிடிக்குக் கீழே நாணயம் கிடையாது. வணிகர் தன் விலையை எங்கேனும் ஓர் அணா கூட்டி, மொத்தத்தில் வரியை ஈடுசெய்துகொள்வதே நடைமுறையில் இயலும். சென்னை மாகாணத்தில் வரி விலைக்குள் மறைந்ததற்குக் கொள்கையைவிட இந்தச் சில்லறைக் கணக்கே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இதே சிக்கலுக்கு அமெரிக்கா எதிர்த்திசையில் விடை கண்டது. பெருமந்தக் காலத்தில் சொத்து வரி வருவாய் சரிந்தபோது மாநிலங்கள் ஒவ்வொன்றாக விற்பனை வரிக்குத் திரும்பின. மிசிசிப்பி 1932-இல் 2 விழுக்காடு விதித்தது. விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் தங்கள் மேல் பழி போடுவார் என்று கடைக்காரர்கள் அஞ்சினார்கள். எனவே வரியைத் தனியாகக் காட்டி, அரசின் பெயரில் வாங்கவே விரும்பினார்கள். "வரியை நாங்களே ஏற்கிறோம்" என்று விளம்பரம் செய்வதைப் பல மாநிலங்கள் தடையும் செய்தன. ஆனால் 10 சென்ட் பொருளுக்கு 2 விழுக்காடு வரி ஒரு சென்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக 1935 முதல் சில மாநிலங்கள் சென்டின் பத்தில் ஒரு பங்கு மதிப்புள்ள வரி வில்லைகளை வெளியிட்டன. வாசிங்டன் மாநிலம் அலுமினியத்தில் செய்தது. மிசௌரி மாநிலம் பால்புட்டி மூடிக்குரிய அட்டையில் அச்சிட்டது. மக்கள் பையில் இவற்றைச் சுமந்து திரிந்து சலித்தார்கள். தொகை அட்டவணைகள் வந்து, வில்லைகள் மறைந்தன. ஆனால் வரியைத் தனியாகக் காட்டும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று 45 மாநிலங்களிலும் தலைநகரிலும் விற்பனை வரி உண்டு. மாநில வரியோடு பல இடங்களில் மாவட்டமும் நகரமும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. பக்கத்து ஊரில் விகிதம் வேறு என்பதால் நாடு முழுதுக்கும் ஒரே விலையை அச்சிட முடிவதில்லை என்பது அங்கே சொல்லும் காரணம். கல்லாவில் கணினியே ஊரின் விகிதத்தை அறிந்திருக்கும் இக்காலத்தில், அலமாரியின் விலைச்சீட்டு மட்டும் ஏன் அறியக்கூடாது என்ற கேள்விக்கு அது முழு விடையன்று.

வரி விலையில் அடங்குமா? நீதிமன்றத்தின் விடை

போருக்குப் பின் விகிதங்கள் ஏறின. வணிகர்கள் பில்லில் 'விற்பனை வரி' என்று தனி வரி எழுதி வாங்கத் தொடங்கினார்கள். 1947-இல் சட்டம் திருத்தப்பட்டு, பதிவு பெற்ற வணிகர் மட்டுமே வரி என்ற பெயரில் பணம் வாங்கலாம், வாங்கியதை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்று ஆனது. வரி என்று சொல்லி வாங்கிவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அடைக்க இந்த விதி தேவைப்பட்டது.

இதிலிருந்து ஒரு நுட்பமான வழக்கு எழுந்தது. வணிகர் 100 ரூபாய்க்குப் பொருளை விற்று, அதன் மேல் 3 ரூபாய் வரி என்று தனியாக எழுதி வாங்கினால், அவருடைய விற்றுமுதல் 100 ரூபாயா, 103 ரூபாயா? 103 என்றால் அந்த 3 ரூபாய்க்கும் வரி உண்டு. தனியாக வாங்கிய வரி விற்றுமுதலில் சேராது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. உடனே 1954-இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, விற்றுமுதலில் அத்தொகையும் சேரும் என்று முன்தேதியிட்டு உறுதி செய்தது. சென்னையின் மோட்டார் வணிக நிறுவனமான ஜார்ஜ் ஓக்சு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1961-இல் வந்த தீர்ப்பு அரசின் பக்கம் நின்றது. வாங்குபவர் அரசுக்கு நேரடியாக எந்த வரியும் கட்டக் கடமைப்பட்டவர் அல்லர். அவர் கொடுப்பது முழுவதும் பொருளுக்கான விலையே. பில்லில் அதைப் பிரித்து எழுதியதால் அதன் தன்மை மாறிவிடாது என்பது அதன் சாரம்.

சாதாரண வாங்குபவருக்கு இது வறண்ட சட்ட நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் "வரியை நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்று கடைக்காரர் சொல்வது சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு இதுவே விடை. வரி கடைக்காரருடையது. அதை விலையில் சேர்த்து வாங்க அவருக்கு உரிமை உண்டு, அவ்வளவே. சில வரிகளுக்கு அந்த உரிமையும் இல்லை: தமிழ்நாட்டில் பெரிய வணிகர்கள் மீது 1970-இல் விதித்த கூடுதல் விற்பனை வரியை வாங்குபவரிடம் வசூலிக்கக் கூடாது என்று சட்டமே தடுத்தது.

இதற்கிடையே 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1959 ஏப்ரல் 1 முதல் புதிய பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பல பொருள்கள் ஒருமுனை வரிக்கு மாறின. 1957-இல் நயா பைசா வந்து கணக்கும் எளிதானது. பில்லில் வரியைக் காட்டுவதற்கு இருந்த பழைய தடை அத்துடன் போயிற்று.

'உள்ளூர் வரிகள் தனி'

நடுவயது கடந்த வாசகர்களுக்கு இந்தத் தொடர் நினைவிருக்கும். 1977-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள், உறையின் மேல் எடை, தயாரித்த மாதம், விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்றன. விலையை இரு வகையாக அச்சிடலாம்: எல்லா வரிகளும் உட்பட ஒரே தொகை, அல்லது ஒரு தொகையும் அதன் பக்கத்தில் 'உள்ளூர் வரிகள் தனி' என்ற குறிப்பும். நிறுவனங்கள் இரண்டாவதையே விரும்பின. மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறு என்பதால் அவர்களுக்கு அது வசதி.

வாங்குபவருக்கு அது வசதியாக இல்லை. உள்ளூர் வரி எவ்வளவு என்பது கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். 7 ரூபாய் 20 பைசா என்று அச்சிட்ட பொருளுக்கு எட்டு ரூபாய் கேட்டால், அதில் வரி எவ்வளவு, கடைக்காரர் கூட்டியது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒருமுனை வரிப் பொருளுக்கு வரியை முன்பே தயாரிப்பாளர் கட்டியிருப்பார். சில்லறைக் கடையில் மீண்டும் 'உள்ளூர் வரி' என்று வாங்கினால் அது வெறும் மிகைவிலை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த 1986-க்குப் பிறகு இந்தக் குறை வலுவாகப் பேசப்பட்டது. 1990-இல் விதிகள் திருத்தப்பட்டு, பொட்டலத்தின் மேல் 'அதிகபட்ச சில்லறை விலை, அனைத்து வரிகளும் உட்பட' என்ற ஒரே வடிவம் கட்டாயமாயிற்று. ஆங்கில எழுத்துகளால் எம்ஆர்பி என்று எல்லா ஊரிலும் வழங்கும் சொல் இதுதான். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் விதிகளும் இதைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டில் இதை மேற்பார்வையிடுவது தொழிலாளர் துறை.

இந்த ஒற்றைச் சொல் எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் கடைக்காரரோடு சரிநிகராகப் பேசும் வலிமையைத் தந்தது என்று சொல்வது மிகையாகாது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. நாடு முழுதுக்கும் ஒரே தொகையை அச்சிடும் நிறுவனம், வரி மிகுந்த மாநிலத்தைக் கணக்கில் கொண்டே அச்சிடும். வரி குறைந்த மாநிலத்தவர் அந்தக் குறைவின் பயனைப் பெறுவதில்லை. மேலும் 'அதிகபட்சம்' என்ற சொல்லை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அது உச்சவரம்பு மட்டுமே, அதற்குக் கீழே பேரம் பேசத் தடையில்லை.

வேறு நாடுகளில்

மதிப்புக் கூட்டு வரி 1954-இல் பிரான்சில் மோரிசு லொரே என்ற அதிகாரியின் திட்டத்தால் உருவாகி ஐரோப்பா முழுதும் பரவியது. அங்கெல்லாம் நுகர்வோருக்குக் காட்டும் விலையில் வரி அடங்கியிருக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை இதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. ஆஸ்திரேலியா 2000 சூலை 1 அன்று 10 விழுக்காட்டு வரியைத் தொடங்கியபோது இதே வழியைப் பின்பற்றியது. நெல்லைச் சீமையிலிருந்து பலர் வேலைக்குச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 சனவரி 1 முதல் 5 விழுக்காடு. அலமாரியில் காட்டும் விலை வரி உட்பட்டது.

சிங்கப்பூரில் இவ்வரி 1994-இல் 3 விழுக்காட்டில் தொடங்கி 2024-இல் 9 விழுக்காடாகியது. சிராங்கூன் சாலைக் கடைகளிலும் விலை வரியோடுதான் எழுதப்பட வேண்டும். ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு விலக்கு உண்டு. அவை விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகளைப் போட்டுவிடும்: ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. ஊரிலிருந்து முதன்முறை போகிறவர் அந்தக் குறிகளைப் பொருட்படுத்தாமல் சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைப்பது உண்டு.

இரு முறைகளுக்கும் இடையே அதிகம் அலைந்த நாடு ஜப்பான். 1989 ஏப்ரல் 1 அன்று 3 விழுக்காட்டில் நுகர்வு வரி தொடங்கியபோது, விலையை எப்படிக் காட்டுவது என்பது கடைகளின் விருப்பமாக இருந்தது. வரி 1997-இல் 5 ஆயிற்று. 2004 ஏப்ரல் முதல் மொத்த விலையைக் காட்டுவது கட்டாயம். அடுத்து 2014-இல் 8, பிறகு 10 என்று உயர்த்தத் திட்டமிட்டபோது, அடிக்கடி விலைச்சீட்டை மாற்றும் சுமையைக் குறைக்க 2013 அக்டோபரிலிருந்து 'வரி நீங்கலான விலை' என்று காட்டலாம் என்று தற்காலிகச் சலுகை வந்தது. அந்தத் தற்காலிகம் ஏழரை ஆண்டு நீடித்து 2021 மார்ச் 31 அன்றுதான் முடிந்தது. 2019-இல் பொது விகிதம் 10 ஆனபோது உணவுக்கு 8 என்று வைத்தார்கள். ஆனால் கடையிலேயே உட்கார்ந்து உண்டால் 10, எடுத்துச் சென்றால் 8. ஒரே உணவுக்கு இரண்டு விலை.

வரியைக் கண்ணுக்குக் காட்டுவது ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதைக் கனடாவும் மலேசியாவும் காட்டின. கனடாவில் உற்பத்தியாளர் மீது 13.5 விழுக்காடு விற்பனை வரி நெடுநாள் இருந்தது. விலைக்குள் மறைந்திருந்ததால் பொதுமக்கள் அதை அறியவில்லை. அதை நீக்கி 1991 சனவரி 1 முதல் கல்லாவில் கூட்டும் 7 விழுக்காட்டு வரியைக் கொண்டுவந்தார்கள். விகிதம் குறைந்தது, வெறுப்பு பெருகியது. 1993 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு இரண்டே இடங்கள். மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டு வரி வந்து ஒவ்வொரு ரசீதிலும் தென்பட்டது. 2018 மே தேர்தலில் ஆட்சி மாறியது. சூன் 1 முதல் விகிதம் சுழியமானது. செப்டம்பரில் பழைய வகை விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. வரி மட்டுமே இந்தத் தோல்விகளுக்குக் காரணம் அன்று. எனினும் மறைவாக இருந்த வரியைவிட ரசீதில் தெரிந்த வரி மக்களை அதிகம் சினம் கொள்ளச் செய்தது உண்மை.

விலைச்சீட்டில் தெரியாத வரியை வாங்குபவர் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதற்கு அளவிட்ட சான்றும் உண்டு. தில்லியில் பிறந்தவரும் தமிழ்நாட்டுப் பூர்வீகம் கொண்டவருமான பொருளியலாளர் ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராப்ட் ஆகியோருடன் வடக்குக் கலிபோர்னியாவின் ஒரு பேரங்காடியில் சோதனை நடத்தினார். அங்கே வரி 7.375 விழுக்காடு. சில அழகுப் பொருள்களின் அலமாரியில் வழக்கமான விலையோடு வரி சேர்த்த விலையையும் மூன்று வாரம் காட்டினார்கள். அவற்றின் விற்பனை ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்தது. கல்லாவில் கொடுக்கும் தொகை மாறவில்லை. அதை முன்னரே பார்த்தார்கள் என்பதே வேறுபாடு. 2009-இல் வெளியான இந்த ஆய்வு, 'வரி தனி' முறையில் கடைக்காரருக்குள்ள ஆதாயத்தையும் வெளிப்படுத்தியது.

வாட் முதல் ஜிஎஸ்டி வரை

இந்திய மாநிலங்கள் பெரும்பாலானவை 2005 ஏப்ரல் 1 அன்று மதிப்புக் கூட்டு வரிக்கு மாறின. வணிகர் சங்கங்களின் எதிர்ப்புக்கிடையே தமிழ்நாடு தயங்கி, 2007 சனவரி 1 அன்று மாறியது. 1939-இன் குறை, அதாவது வரிக்கு மேல் வரி, இதில் நீங்கியது. வணிகர் தான் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கழிப்பதற்குச் சான்று வேண்டும். சான்று, வரியைத் தனியாகக் காட்டும் பில். இவ்வாறு வணிகர்களுக்கிடையே வரியைப் பிரித்து எழுதுவது கட்டாயமான தேவையாகி, அந்தப் பழக்கம் நுகர்வோர் பில்லுக்கும் இறங்கியது.

2017 சூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. அதன் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, 'விலையின் பகுதியாக அமையும் வரித்தொகை'யைப் பில்லில் காட்ட வேண்டும் என்கிறது. வரி விலைக்குள் அடங்கியது, ஆனால் காட்டப்பட வேண்டியது: 1961 தீர்ப்பும் வணிகர் வழக்கமும் அந்த ஒரே பிரிவில் சேர்ந்துவிட்டன. எம்ஆர்பி அச்சிட்ட பொருளுக்கு அதன் மேல் ஜிஎஸ்டி கேட்பது தவறு என்பதும் இதிலிருந்து தெளிவாகும். மாணவர்கள் இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 18 விழுக்காட்டு வரியுள்ள பொருளின் எம்ஆர்பி 100 ரூபாய் என்றால் அதில் வரி 18 ரூபாய் அன்று. பொருளின் அடிப்படை விலை 84.75, வரி 15.25.

பொட்டலத்தில் வராத இடங்களில்தான் குழப்பம். உணவகங்களில் முதலில் குளிரூட்டிய அறைக்கு 18, மற்றதற்கு 12 என்று இருந்தது. 2017 நவம்பர் 15 முதல் பொதுவாக 5 ஆயிற்று. ஆனால் கட்டிய வரியைக் கழிக்கும் உரிமை போனதால், பல உணவகங்கள் விலைப்பட்டியலின் தொகையையே உயர்த்தின. அதே ஆண்டு டிசம்பரில், உணவகங்களும் விடுதிகளும் குடிநீர்ப் புட்டியை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே விற்பது தண்ணீர் மட்டுமன்று, உட்கார இடமும் பரிமாறலும் என்பது காரணம். 2024 செப்டம்பரில் கோயம்புத்தூரில் நடந்த கூட்டம் ஒன்றில், பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு, வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார் என்று ஓர் உணவக உரிமையாளர் நிதியமைச்சரிடம் சொன்னது தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது.

நெல்வயல் சூழ்ந்த தாமிரபரணிக் கரையில் இன்னொரு விளைவைக் காணலாம். 2022 சூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு வரி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. அதன் பின் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டைகள் தோன்றின. கருப்பட்டிக்கும் இதே கோடுதான்: நிறுத்துக் கொடுத்தால் வரியில்லை, பெயரிட்டுப் பொட்டலமாக்கினால் 5.

சிறு வணிகர்களுக்கான இணக்கத் திட்டத்தில் 1939 மீண்டும் தலைகாட்டுகிறது. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய் வரையுள்ள கடைக்காரர் விற்றுமுதலில் ஒரு விழுக்காடு கட்டினால் போதும். ஆனால் அதை வாங்குபவரிடம் வரி என்று வசூலிக்கக் கூடாது. தாம் வரி வசூலிக்கத் தகுதியற்றவர் என்று பில்லில் அச்சிட வேண்டும். கடைப் பலகையிலும் இத்திட்டத்தைச் சேர்ந்தவர் என்று எழுத வேண்டும். அத்தகைய பலகையுள்ள கடையில் பில்லில் ஜிஎஸ்டி கூட்டினால், வாங்குபவர் கேள்வி கேட்கலாம்.

மதுவிலக்கால் இழந்த வருவாய்க்காகப் பிறந்த வரியின் வழியில் இன்னொரு திருப்பமும் உண்டு. மனிதர் அருந்தும் மது இன்று ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. அதற்கும் பெட்ரோல், டீசலுக்கும் மாநிலத்தின் பழைய வகை விற்பனை வரியே தொடர்கிறது, அவ்வரி விலைக்குள் அடங்கியே உள்ளது.

2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் குறைக்கப்பட்டபோது ஷாம்பு, சோப்பு, பற்பசை ஆகியவை 18-லிருந்து 5 விழுக்காட்டுக்கு வந்தன. ஏற்கெனவே அச்சிட்ட உறைகளில், பழைய விலை மறையாதபடி புதிய விலைச்சீட்டை ஒட்ட 2017-ஐப் போலவே அனுமதி கிடைத்தது. பெரிய புட்டிகளில் அது எளிதாக நடந்தது. பலசரக்குக் கடை வாசலில் சரமாகத் தொங்கும் ஒரு ரூபாய் ஷாம்புச் சீட்டில் நடக்கவில்லை. கணக்குப்படி அதன் புதிய விலை 89 பைசா. 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011-இலேயே செல்லாமற்போயின. சில்லறை விலையை மாற்ற இயலாத சில நிறுவனங்கள் விலையை அப்படியே விட்டு, உள்ளே இருக்கும் பொருளின் அளவைக் கூட்டின.